பதினோரு வருடம் வேலை பார்த்த பிறகு "பின்னணிச் சரிபார்ப்பு"க்கு ஒப்புதல் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

கெலமங்கலம்_ரோடு | திங்கள், இரவு 10:20

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். சி.என்.சி. பிரிவு. போன வெள்ளிக்கிழமை இரண்டாம் ஷிப்ட் முடியும் நேரத்தில் சூப்பர்வைசர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இரண்டு பக்கம், எல்லாம் ஆங்கிலம். "படித்துப் பார்த்து அடுத்த சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்" என்றார். எங்களில் எத்தனை பேரால் அதைப் படிக்க முடியும் என்று அவருக்கும் தெரியும்.

பிளஸ் டூ படிக்கும் மகள் வாசித்துச் சொன்னாள். நான் வேலையில் இருக்கும் காலம் முழுவதும், எப்போது வேண்டுமானாலும், என் மேல் வழக்கு ஏதும் விழுந்திருக்கிறதா, சொன்ன முகவரியில்தான் குடியிருக்கிறேனா, வேறு இடத்தில் சம்பளம் வாங்குகிறேனா, கடன் பாக்கி எப்படி இருக்கிறது என்றெல்லாம் ஒரு வெளி நிறுவனம் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கு நான் சம்மதிக்கிறேன். இதுதான் சாரம். அந்த வெளி நிறுவனத்தின் பெயர்கூடத் தாளில் இல்லை.

சேரும்போது விசாரித்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. காவல் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று வாங்கி, ஐ.டி.ஐ. சான்றிதழின் அசலைக் காட்டி, ஊரில் இரண்டு பெரியவர்களின் பெயரைக் கொடுத்துத்தான் உள்ளே போனேன். இப்போது கேட்பது, கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்த பிறகு மாப்பிள்ளை எப்படி என்று தெருவில் விசாரிப்பது போல இருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போடலாமா, கூடாதா? போடாவிட்டால் என்ன செய்வார்கள்?

மாங்கூழ் | திங்கள், இரவு 10:41

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு அண்ணா? உங்கள் மேல் வழக்கு இல்லை. போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

நெறியாளர் | திங்கள், இரவு 10:50

ஒரு வார்த்தை: எந்தத் தொழிற்சாலையின் பெயரும் இங்கே வேண்டாம். "எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கம்பெனி" என்ற ஜாடையும் வேண்டாம்.

கெலமங்கலம்_ரோடு | திங்கள், இரவு 11:15

மாங்கூழ் தம்பி, கனம் இருப்பது வேறு ஒருவன் மடியில். வழியில் நிறுத்துவது நம்மை. அதனால்தான் பயம்.

எங்கள் லைனிலேயே நடந்ததைச் சொல்கிறேன். மாதேஷ் என்று ஒரு பையன், அஞ்செட்டிப் பக்கம், ஒப்பந்தத் தொழிலாளி. போன ஆடி மாதம் காலை ஷிப்டுக்கு வந்தவனைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. காவலாளிக்குக் காரணம் தெரியாது, காண்ட்ராக்டரைக் கேள் என்றார். காண்ட்ராக்டர், ஹெச்.ஆரைக் கேள் என்றார். ஹெச்.ஆரைப் பார்க்க உள்ளே போக வேண்டும். உள்ளே போக அட்டை வேலை செய்ய வேண்டும்.

மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. தேன்கனிக்கோட்டை நீதிமன்றத்தில் ஓர் அடிதடி வழக்கு. அதில் எம். மாதேஷ் என்பவன் இரண்டாம் எதிரி. இவனும் எம். மாதேஷ். இவன் அப்பா முனியப்பா, அவன் அப்பா மாரப்பா. எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து, அதில் இருந்த அப்பா பெயரையும் வயதையும் காட்டி, அட்டை மறுபடி பச்சையாவதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது. ஒன்பது நாள் சம்பளமும் அதோடு போயிற்று. வருந்துகிறோம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போது எங்களுக்குத் தெரியாது, ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்து முன்னோட்டம் பார்த்திருக்கிறார்கள் என்று. இப்போது நிரந்தரத் தொழிலாளர்களின் முறை.

பாகலூர்_பார்வை | செவ்வாய், காலை 7:05

நான் மனிதவளத் துறையில் இருக்கிறேன், வேறொரு தொழிற்சாலையில். பன்னிரண்டு வருட அனுபவம். திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன்.

இது ஏன் இப்போது வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய வாடிக்கையாளர்கள், குறிப்பாக வெளிநாட்டவர், கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இதை எழுதுகிறார்கள். தணிக்கைக்கு வருகிறவர், "வேலைக்கு எடுக்கும்போது சரிபார்த்தீர்கள், சரி. அதற்குப் பிறகு?" என்று கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லாமல் போனால் தணிக்கை அறிக்கையில் ஒரு குறை ஏறும். தொழிலாளி மேல் சந்தேகம் வந்து யாரும் இதைத் தொடங்குவதில்லை. தாள் கேட்கிறார்கள், நாங்கள் தாள் தயாரிக்கிறோம்.

ஆனால் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்களிடம் தொழிலாளர் பஸ் ஓட்டுகிறவர்களின் உரிமங்களை மறுபடி சரிபார்த்தோம். இரண்டு பேருக்குக் காலாவதியாகி இருந்தது, அவர்களே கவனிக்கவில்லை. மூன்றாமவரின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அது அவருக்குத் தெரியும், எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த பஸ் தினமும் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டைக்கும் சூளகிரிக்கும் போய்வருகிறது. அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழக்குகளைத் தேடுவது எப்படி என்று பலருக்குத் தெரியாது. பெயர்ப் பட்டியலை நாங்கள் அனுப்புகிறோம். அந்த நிறுவனத்தின் மென்பொருள், நீதிமன்றங்களின் இணையதளத்தில் பொதுவில் இருக்கும் வழக்கு விவரங்களோடு பெயர்களை ஒப்பிடுகிறது. அங்கே பெரும்பாலும் "காவல் ஆய்வாளர் எதிர் இன்னார் மற்றும் பலர்" என்றுதான் இருக்கும். வயது இருக்காது, கதவு எண் இருக்காது. பெயர் ஒத்துப்போனால் மென்பொருள் கொடி காட்டும், அதாவது சந்தேகக் குறி போடும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு மனிதர் உட்கார்ந்து அப்பா பெயர், வயது, ஊர் மூன்றையும் பார்த்து வேறு ஆளைக் கழிக்க வேண்டும். பட்டியலுக்கு ஒரு விலை, இந்தக் கழிக்கும் வேலைக்கு இன்னொரு விலை. கொள்முதல் துறை எதை வாங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதேஷுக்கு நடந்தது தவறு. கொடி விழுந்தால் முதலில் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அட்டையை அணைப்பது கடைசியில் செய்ய வேண்டியது.

தீர்த்தமலை | செவ்வாய், காலை 8:30

எங்கள் ஊரில் முருகன் என்ற பெயரில் ஏழு பேர். பால் முருகன், மில் முருகன், மேட்டுத்தெரு முருகன் என்று ஊர் பிரித்துவைத்திருக்கிறது. அரசாங்கத்துக்கு எல்லோரும் எம். முருகன் அல்லது பி. முருகன். இதில் இரண்டு பி. முருகன்களுக்கு அப்பா பெயரும் பெருமாள். தபால்காரரே திணறுவார், மென்பொருள் என்ன செய்யும்?

இந்த மென்பொருள்களை எல்லாம் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் மக்களுக்காகச் செய்திருக்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. "கடைசிப் பெயர்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது என்பதால் இன்ஷியலைப் போடுகிறோம். அதன் கணக்கில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பாதிப் பேர் "எம்" என்ற ஒரே குடும்பம்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு கூத்து. அதே மாதேஷ், ஆதாரில் 'டி'க்குப் பின் 'ஹெச்' போட்டிருப்பான், வாக்காளர் அட்டையில் அது இருக்காது, பி.எஃப். கணக்கில் கடைசியில் ஓர் 'ஏ' ஒட்டிக்கொண்டு மாதேஷா ஆகியிருப்பான். எல்லா வடிவமும் பொருந்த வேண்டும் என்று சல்லடையைத் தளர்த்தினால் வேறு ஆட்கள் வந்து விழுவார்கள். இறுக்கினால் உண்மையிலேயே வழக்கு உள்ளவன் நழுவிப் போவான்.

மாங்கூழ் | செவ்வாய், காலை 8:52

அப்படியானால் ஆதாரோடு இணைத்துவிட்டால் தீர்ந்தது. எதற்கு இவ்வளவு பேச்சு?

எலக்ட்ரானிக்சிட்டி_பஸ் | செவ்வாய், காலை 9:40

நீதிமன்ற வழக்குப் பட்டியலில் ஆதார் எண் இல்லையே, எதோடு இணைப்பீர்கள்? தவிர, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்டு அடையாளம் சரிபார்ப்பதற்கு இடம்கொடுத்த, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கிவிட்டது.

நான் ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறேன். ஓர் அமெரிக்க வங்கியின் வேலை. எங்களுக்கு ஆண்டுதோறும் மறுசரிபார்ப்பு உண்டு, பழகிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டிலிருந்து நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெயரில் கடன் இருந்தாலும் வேலைக்கான பின்னணி அறிக்கைகளுக்கும் அதுதான் சட்டம். வெளி நிறுவனம் தந்த அறிக்கையை வைத்து ஒருவரை வேலையிலிருந்து நீக்க நினைத்தால், நீக்குவதற்கு முன்பே அந்த அறிக்கையின் நகலையும் அவருடைய உரிமைகளைச் சொல்லும் குறிப்பையும் கையில் கொடுக்க வேண்டும். தவறு இருந்தால் அவர் மறுக்கலாம். அறிக்கை தயாரித்தவர்கள் மறுபடி ஆராய வேண்டும். எங்கள் வாடிக்கையாளரின் அமெரிக்க ஊழியர்களுக்கு இது கிடைக்கிறது. அதே வாடிக்கையாளருக்காக இங்கே உழைக்கும் எங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தது சரிபார்ப்பு மட்டும்தான். நகல் கொடுக்கும் பழக்கத்தைக் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார்கள்.

இன்னொன்று. அங்கே குழந்தைகள், முதியோர் போன்றவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு எஃப்.பி.ஐ. நடத்தும் ஓர் ஏற்பாடு உண்டு. சேரும்போது கொடுத்த கைரேகை பதிவில் இருக்கும். பிறகு எப்போதாவது அந்த ஆள் கைதானால் உரியவர்களுக்குத் தகவல் போகும். அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் அங்கே ஒப்பிடுவது ரேகையை. மேட்டுத்தெரு முருகனின் கைரேகை பால் முருகனுக்குப் பொருந்தாது.

பர்கூர்_டீச்சர் | செவ்வாய், மாலை 5:20

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

2024 ஆகஸ்டில் நம் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்ன நடந்தது என்பது யாருக்கும் மறந்திருக்காது. என்.சி.சி. முகாம் என்று ஒருவன் வந்தான். அவன் என்.சி.சி. ஆளே இல்லை. யாரும் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவை குழந்தைகள். அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை விவரம் கேட்டார்கள். எங்களுக்கும்தான் கேட்டார்கள். இருபது வருடம் பாடம் நடத்தியவள், ஒரு நிமிடம்கூட அதை அவமானமாக நினைக்கவில்லை.

இது பள்ளி நிர்வாகத்தின் பெருந்தன்மையும் அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளில் தெளிவாக இருக்கிறது. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும், ஆசிரியரோ ஆசிரியர் அல்லாதவரோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, ஒவ்வொரு பணியாளரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும். சேரும்போது ஒரு முறை பார்த்தால் போதாது. வேன் ஓட்டுநர், ஆயா, விடுதிக் காவலர் எல்லோருக்கும் பொருந்தும். எத்தனை பள்ளிகள் செய்கின்றன என்று கேட்காதீர்கள், கோபம்தான் வரும்.

கெலமங்கலம் சார், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் "பழைய ஆளை மறுபடி ஏன் பார்க்க வேண்டும்" என்ற கேள்வி எல்லா இடத்துக்கும் செல்லாது.

கெலமங்கலம்_ரோடு | செவ்வாய், இரவு 9:00

டீச்சர், உங்கள் பள்ளிக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. என் மகளும் பள்ளிக்குத்தான் போகிறாள். நான் இரும்பு கடைகிறேன். என் கடன் பாக்கியைப் பார்த்து இரும்புக்கு என்ன ஆகப்போகிறது?

பாலக்கோடு_பார் | செவ்வாய், இரவு 10:35

டீச்சர் சொன்னதற்கும் கெலமங்கலம் கேட்டதற்கும் நடுவில்தான் சட்டம் நிற்கிறது. தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன், அந்த அளவில் சொல்கிறேன்.

பள்ளிக்குச் சட்டமே சரிபார்க்கச் சொல்கிறது. லேத் மெஷின்காரருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அவர் விஷயத்தில் நிர்வாகம் கைகாட்டுவது ஒப்பந்தத்தையும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும். அது 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம். ஆக, இப்போது கம்பெனிகள் தாள் அடித்துக் குவிப்பதில் ஆச்சரியமில்லை.

அந்தச் சட்டத்தில் தொழிலாளிக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, யாரும் சொல்லித்தருவதில்லை. ஒன்று, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஓசூருக்குத் தேவையான தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன. இரண்டு, ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்க அவருடைய தரவைப் பயன்படுத்தினால் அது முழுமையாகவும் சரியாகவும் இருப்பதை உறுதிசெய்வது வைத்திருப்பவரின் பொறுப்பு. மாரப்பா மகனின் வழக்கை முனியப்பா மகன் கணக்கில் ஏற்றியது இந்த இடத்தில்தான் இடிக்கும்.

சிக்கலும் ஒன்று இருக்கிறது. அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும் நிறுவனத்துக்கு இழப்பு வராமல் காப்பதற்காகவும் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்த வழிவிடுகிறது. வணிக ரகசியம், வேவு பார்த்தல் போன்றவற்றை உதாரணம் காட்டுகிறது. அப்படியிருந்தும் உங்களிடம் ஒப்புதல் கேட்கிறார்கள் என்றால் அது ஒரு வகையில் உங்களுக்கு நல்லது. என்ன தரவு வைத்திருக்கிறாய் காட்டு, தவறாக இருந்தால் திருத்து என்று கேட்கும் உரிமைகளைச் சட்டம் பெரும்பாலும் ஒப்புதல் கொடுத்தவருக்குத்தான் தந்திருக்கிறது. 7ஆம் பிரிவின் கீழ் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டால் அந்த உரிமை மங்கிப்போகிறது. எனவே தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அந்தத் தாள்தான் நாளைக்கு உங்கள் கையில் இருக்கும் பிடி.

கையெழுத்துப் போடாவிட்டால்? நிரந்தரத் தொழிலாளியை அதற்காக மட்டும் மறுநாள் வீட்டுக்கு அனுப்ப முடியாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், உள்விசாரணை என்று வரிசை இருக்கிறது. இடைநீக்கம் செய்தால் பிழைப்பூதியம் தர வேண்டும், முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். மாதேஷ் போன்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த வரிசை ஏட்டில்தான். அட்டை சிவப்பானால் கதை முடிந்தது.

பிழைப்பூதியம் என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. கோலார் தங்கவயல், நமக்குப் பக்கத்து வீடு. பாரத் தங்கச் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த கேப்டன் பால் ஆண்டனி என்பவர் வீட்டில் 1985இல் சோதனை போட்டு, தங்கம் கலந்த மணல் கிடைத்தது என்று வழக்கு. இடைநீக்கம் செய்தார்கள், பிழைப்பூதியம் தரவில்லை. கேரளத்தில் இருந்த அவரால் விசாரணைக்கு வந்துபோகப் பணமில்லை. அவர் இல்லாமலே விசாரித்து வேலையை விட்டு நீக்கினார்கள். குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். அதே சோதனை, அதே சாட்சிகள். உச்ச நீதிமன்றம் 1999இல் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. பதினான்கு வருடம். அந்த வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் நாங்கள் வாதாடுகிறோம்.

கோபசந்திரம்_வழி | புதன், காலை 6:15

வக்கீல் ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். 2023 பிப்ரவரியில் கோபசந்திரத்தில் எருதுவிடும் விழாவுக்கு அனுமதி தாமதமாகி நெடுஞ்சாலையை மறித்தார்கள் அல்லவா? கல்வீச்சு, தடியடி என்று பெரிய கலவரமாகிவிட்டது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் எங்கள் ஊரில் குடிநீர் வரவில்லை என்று குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தோம். அதில் முப்பது பேர் மேல் வழக்கு. நானும் ஒருவன். பழைய தண்டனைச் சட்டத்தின் 143, 341 பிரிவுகள். என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது, சம்மன் வரவில்லை. வேலைக்குச் சேரும்போது கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது இந்தத் தாள் எங்கள் கம்பெனிக்கும் வந்தால்?

பாலக்கோடு_பார் | புதன், காலை 7:50

தம்பி, இந்த இரண்டு மாவட்டத்திலும் குடத்தோடு ரோட்டில் உட்காராத ஊரைக் காட்டுங்கள் பார்ப்போம். ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லும் எலும்பும் போன ஊர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகும் கடைசிக் குழாய் வரை வராத இடங்கள் உண்டு. மறியல் செய்தால் சட்டவிரோதக் கூட்டம், வழிமறிப்பு இரண்டும் போடுவார்கள். இப்போது புதிய சட்டத்தில் எண்கள் 189, 126 என்று மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

உங்களுக்கு உதவும் தீர்ப்பு அவதார் சிங் வழக்கு, உச்ச நீதிமன்றம், 2016. அரசு வேலையில் வழக்கை மறைத்தவர்களைப் பற்றியது. ஆனால் அதில் சொன்ன நெறிகளைத் தனியார் தரப்பிலும் எடுத்துவைக்கலாம். படிவத்தில் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்குகளை நிர்வாகம் பொருட்படுத்தாமல் விடலாம். அதே தீர்ப்பு, கேட்டபோது பொய் சொன்னால் அந்தப் பொய்யே தனிக் காரணம் ஆகலாம் என்றும் சொல்கிறது. ஆகவே இதுவரை கேட்கவில்லை, நீங்கள் தவறு செய்யவில்லை. புதிய தாளில் "வழக்கு உண்டா" என்று கேள்வி இருந்தால் "இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முதலில் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். பல மறியல் வழக்குகள் எப்போதோ கைவிடப்பட்டிருக்கும், பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கும்.

ரோஜாத்தோட்டம் | புதன், காலை 11:10

"வேறு வருமானம்" என்ற கேள்வியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஷிப்ட் முடிந்து வந்து அரை ஏக்கரில் ரோஜா பறிக்கிறேன். இரண்டு கறவை மாடு. சொஸைட்டியில் பால் பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது. இது இரட்டை வேலையா? 2022இல் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம் முந்நூறு பேரை இதற்காக அனுப்பியது என்று படித்ததிலிருந்து மாட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பாகலூர்_பார்வை | புதன், மதியம் 1:30

மாட்டுக்கு யு.ஏ.என். எண், அதாவது பி.எஃப். கணக்குக்கான எண், இல்லாதவரை கவலை வேண்டாம். நாங்கள் பார்ப்பது பி.எஃப். பதிவில் ஒரே காலத்தில் இரண்டு நிறுவனங்கள் பணம் கட்டுகின்றனவா என்பதைத்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தடுத்ததும் ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்வதை. தூக்கமில்லாமல் மெஷினில் கைகொடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது. ரோஜா பறிப்பது அந்தத் தடைக்குள் வராது. ஆனால் உங்கள் நியமன உத்தரவில் "வேறு எந்தத் தொழிலும்" என்று ஒரு வரி இருந்தால், விவசாயம் நீங்கலாக என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓசூரில் அதைக் கேட்காத ஹெச்.ஆர். கிடையாது.

கடன் விவகாரம்: கணக்கு, ஸ்டோர்ஸ், பணம் புழங்கும் இடங்களுக்கு மட்டும் பார்ப்பதுதான் முறை. வங்கி வேலை என்றால் கேட்கவே வேண்டாம். கடன் வரலாறு சரியில்லை என்று ஒரு பொதுத்துறை வங்கி நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றமே 2025இல் ஏற்றுக்கொண்டது. மெஷின் ஓட்டுகிறவருக்குத் தேவையில்லை. தாளை அப்படியே நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள், அடிப்பார்கள்.

சூளகிரி_சந்தை | புதன், இரவு 8:45

காண்ட்ராக்டர்களைப் பற்றியும் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். நானும் அந்தத் தொழில்தான்.

என்னிடம் இருப்பவர்களில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் புதிய சான்று கொடு என்கிறது கம்பெனி. ஊர்க் காவல் நிலையத்துக்கு அந்தப் பையன் போய்வர ரயிலில் மட்டும் நான்கு நாள். இணையத்தில் விண்ணப்பித்தாலும் அங்கே ஒருவர் வீட்டுக்குப் போய் விசாரித்து அனுப்ப வேண்டும். அதற்கான செலவைக் கம்பெனி தராது. மறைக்காமல் சொல்கிறேன், எங்கள் தொழிலில் சிலர் அதைப் பையன்கள் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள். நானும் ஒரு முறை பிடித்தேன். பிறகு ஒரு பையன் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து நின்றான். திருப்பிக் கொடுத்தேன்.

தமிழில் வேண்டும் என்று நீங்கள் கேட்பது சரி. ஒடியாவில் யார் கேட்பது?

பாலக்கோடு_பார் | புதன், இரவு 9:30

ஒடியாவும் அந்த 22இல் இருக்கிறது ஐயா. சந்தாலியும் இருக்கிறது. கேட்க ஆள்தான் வேண்டும். நீங்களே கேளுங்களேன்?

தீர்த்தமலை | வியாழன், காலை 9:15

கெலமங்கலம் அண்ணா, தனியாகப் போகாதீர்கள். தனியாகப் போனால் "உனக்கு மட்டும் என்ன பிரச்சினை" என்பார்கள், அடுத்த நாளே உங்கள் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். லைனோடு போங்கள். கையெழுத்துக்கு மேலே தமிழில் இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, கொடுப்பதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கெலமங்கலம்_ரோடு | சனி, இரவு 11:40

போய்வந்தோம். பதினேழு பேர். ஹெச்.ஆர். அறையில் நாற்காலி நான்குதான், மற்றவர்கள் சுவரோரம் நின்றோம்.

அந்த அம்மா நாங்கள் நினைத்த அளவுக்குக் கடுமை இல்லை. முதலில் கேட்டது, "இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" யாரும் பதில் சொல்லவில்லை. கடன் வரியைப் பற்றிச் சொன்னதும் பேனாவை எடுத்து அவரே அடித்தார். அது கணக்குப் பிரிவுக்கானது, தெரியாமல் வந்துவிட்டது என்றார். தமிழ்த் தாள் அடுத்த வாரம் வரும், அதுவரை இதை நிறுத்திவைக்கிறேன் என்றார். வெளி நிறுவனத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

கொடி விழுந்தால் அட்டையை அணைப்பதற்கு முன் எங்களுக்கு அறிக்கையைக் காட்ட வேண்டும், ஏழு நாள் தர வேண்டும் என்று கேட்டோம். அங்கேதான் சிக்கியது. காட்டுவதற்குச் சம்மதம். ஏழு நாளுக்கு அவருக்கு அதிகாரம் இல்லையாம், மேலே கேட்க வேண்டுமாம். "பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் உடனே நிறுத்தத்தான் செய்வோம்" என்றார். எது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். மாதேஷின் ஒன்பது நாள் சம்பளத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அது காண்ட்ராக்டர் விஷயம் என்று முடித்துவிட்டார். அதை விடப்போவதில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் தனித் தாள், அதை நிறுத்திவைக்கவில்லை. இன்றே கொடுக்க வேண்டும் என்று காண்ட்ராக்டரின் ஆள் கேட்டில் நின்றுகொண்டிருந்தான். மாதேஷ் வாங்கினான். மறுபடி பெயர்க் குழப்பம் வரக் கூடாது என்று கையெழுத்துக்குக் கீழே அப்பா பெயர் முனியப்பா என்று முழுதாக எழுதினான், பிறந்த தேதி எழுதினான், ஊர், பஞ்சாயத்து, தாலுகா எழுதினான். தாத்தா பெயரையும் போட்டுவிடடா, இன்னும் உறுதியாக இருக்கும் என்றேன்.

எழுதப் போனவன் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தான். தாத்தா பெயரும் மாதேஷ்தான்.